எட்டு டம்ளர் ஜலம்

"ஒரு நாளைக்கு எட்டு டம்ளர் ஜலம் குடித்தே தீரவேண்டும்" என்பது இக்காலத்தில் வீட்டுக்கு வீடு வழங்கும் வேதவாக்கு. நம் நண்பர் ஒருவர் காலையில் எழுந்ததும் எட்டு டம்ளரை வரிசையாக நிரப்பி வைத்துவிடுகிறார். இரவில் இரண்டு மிஞ்சிவிட்டால் குற்றவாளியைப்போல் விழிக்கிறார்! அவர்மீது இரக்கங்கொண்டே, இக்கட்டளை எங்கிருந்து புறப்பட்டதென்று தேடிப் பார்த்தோம்.

1945-ஆம் வருஷத்தில் அமெரிக்க தேசத்து உணவு போஷணைச் சபையார், வயது வந்தவருக்கு நாளொன்றுக்குச் சுமார் இரண்டரை லிட்டர் ஜலம் தேவையென்று எழுதினார்கள். அதில் பெரும்பகுதி சமைத்த உணவிலேயே அடங்கியிருக்கிறதென்றும் அங்கேயே எழுதினார்கள். முதல் செய்தி கப்பலேறி உலகமெல்லாம் சுற்றிற்று. அடுத்த வரியைப் படிக்க ஒருவருக்கும் பொறுமையில்லை. கதை இப்படித்தான் பிறந்திருக்க வேண்டுமென்பது பலருடைய அபிப்பிராயம். 2002-ல் ஹைன்ஸ் வால்டின் என்னும் சிறுநீரக சாஸ்திர நிபுணர் ஆராய்ச்சிகளையெல்லாம் புரட்டிப் பார்த்து, எட்டு டம்ளர் விதிக்கு ஆதாரம் ஒன்றும் அகப்படவில்லை என்று வெளியிட்டார்.

அமெரிக்கர் ரொட்டியே அவ்வளவு ஜலம் தருமானால் நம் சாப்பாட்டைக் கேட்பானேன்? வெந்த சோற்றில் மூன்றில் இரண்டு பங்கு ஜலமே. வெள்ளரிப் பிஞ்சில் நூற்றுக்கு 95 பங்கு. அதற்குமேல் ரசம், மோர். காபியும் கணக்கில் சேருமா என்று ஆவலோடு கேட்கும் நேயர்களுக்கு: சேரும்.

மற்றபடி, இரத்தத்தின் செறிவு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு கூடினாலே மூளை அதையறிந்து தாகத்தை எழுப்புகிறது. ஜலத்தைச் சேமிக்கும்படி சிறுநீரகங்களுக்கும் உத்தரவு போய்விடுகிறது. இந்த ஏற்பாட்டை நம்பாமல் வயிறு முட்டக் குடிப்பதிலும் அபாயமுண்டு. 2002-ல் பாஸ்டன் நகரத்து நெடுந்தூர ஓட்டத்தில் 488 பேருடைய இரத்தத்தைச் சோதித்தபோது, நூற்றுக்கு 13 பேருக்கு உப்புச் சத்து குறைந்திருந்தது. ஓடி முடிக்கையில் எடை குறைவதற்குப் பதிலாகக் கூடுமளவுக்குக் குடித்தவர்களே அவர்களில் மிகுதி.

ஆயினும் வால்டின் எழுதியது, மிதமான சீதோஷ்ணத்தில் அதிகம் அலையாமல் வாழும் ஆரோக்கியமான மனிதரைப் பற்றி. வேலூரில் அக்கினி நட்சத்திர வெயிலில் கல் சுமப்பவருக்கு ஒரு மணி நேரத்திலேயே ஒரு லிட்டர் வியர்வை போய்விடலாம். எட்டு டம்ளர் அவருக்கு எந்த மூலைக்கு? வியர்வையோடு உப்பும் போவதால், உப்பிட்ட நீர்மோர் அவருக்கு மிகவும் உகந்தது. சிறுநீரகத்தில் கல் வந்தவர்கள் விஷயமும் வேறு. 1996-ல் வெளியான ஓர் இத்தாலிய ஆராய்ச்சியில், ஏராளமாக ஜலம் குடித்தவர்களில் ஐந்து வருஷத்துக்குள் நூற்றுக்குச் சுமார் 12 பேருக்குத்தான் மீண்டும் கல் வந்தது. மற்றவர்களில் 27 பேருக்கு வந்தது. முதியோருக்கோ தாகவுணர்ச்சியே மங்கிவிடுகிறது. "தாகமா, பாட்டி?" என்று கேட்டுக்கொண்டிராமல் டம்ளரைக் கையில் கொடுத்துவிட வேண்டியதுதான். இருதய நோயும் சிறுநீரக நோயும் உள்ளவர்களுக்கு மட்டும் வைத்தியர் விதித்ததே அளவு. பிறர் தங்கள் சிறுநீரின் நிறத்தைக் கவனித்தால் போதும்: வெளிறிய வைக்கோல் நிறமாயிருந்தால் கவலையில்லை.

நமக்குப் பெருங்கவலை தருவது பள்ளிக்கூடத்துச் சிறுமிகளின் நிலைதான். அவர்களுக்குத் தாகமும் உண்டு, பையில் தண்ணீரும் உண்டு, ஆனாலும் குடிப்பதில்லை. கழிப்பிடம் போக நேருமே என்ற பயம். காலை முதல் மாலைவரை இப்படி அடக்கிப் பழகுவதால் நீர்க்கடுப்பும் மூத்திரப்பை நோயும் வருகின்றன. ஜலம் குடிப்பதற்கென்றே மணியடிக்கும் வழக்கத்தைக் கேரளத்துப் பள்ளிகள் 2019-ல் மேற்கொண்டன. நல்ல காரியந்தான். நாம் அறிந்த ஒரு பள்ளியிலும் மணியடித்துப் பார்த்தார்கள். சிறுமிகள் புட்டியைத் திறந்து, உதட்டை நனைத்து, மூடி வைத்துவிட்டார்கள். பிறகு ஒரு தச்சர் வந்து கழிப்பிடக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் பொருத்தினார்; உள்ளே குழாயில் தண்ணீரும் வந்தது. அடுத்த வாரத்திலிருந்து மாலையில் புட்டிகள் காலியாக வீடு திரும்பின.