கடல் கடந்த ஒப்பந்தமும் காஞ்சிச் சந்தையும்

காஞ்சிபுரத்தில் இரு நெசவாளர் சங்கங்கள் ஒன்றாக இணைய விரும்பினால், நிர்வாகக் குழுவினர் தமக்குள் பேசிக் கையெழுத்திடுவது மட்டும் போதாது. பொதுப்பேரவையின் தீர்மானம் வேண்டும்; பதிவாளரின் ஒப்புதல் வேண்டும்; கடன் கொடுத்தோருக்கும் அறிவிப்புத் தர வேண்டும். பாதிக்கப்படக் கூடியவரைக் கேளாமல் இணைப்பு இல்லை என்பதே இதன் தத்துவம். உலகின் மாபெரும் கம்பெனிகளும் இத்தகைய தத்துவத்துக்கு உட்பட்டவையே. அதனால் நம் அங்கத்தினருக்கு ஓர் உரிமையும் கிடைத்திருக்கிறது. அதனை இங்கு விளக்க விரும்புகிறோம்.

அயல்நாட்டுக் கம்பெனிகள் இணைந்தால் நமக்கென்ன என்று சிலர் கேட்கக்கூடும். விவசாயி விதை வாங்குகிறார். நெசவாளருக்குச் சாயம் வேண்டும். விற்பவர் நால்வராயிருந்தால் விலை பேசலாம். ஒருவரேயானால் அவர் சொன்னதே விலை. நெசவுச் சாயத் தொழிலிலும் இணைப்புகள் நடந்தே வருகின்றன. சுவிட்ஸர்லாந்தின் ஆர்க்ரோமா கம்பெனி, அமெரிக்காவின் ஹன்ட்ஸ்மன் கம்பெனியிடமிருந்து அதன் நெசவுச் சாய, ரசாயனப் பிரிவை 2023 பிப்ரவரியில் வாங்கி முடித்தது.

விதைத் தொழிலில் நடந்ததைச் சற்று விரிவாகக் காண்போம். 2016 செப்டம்பர் 14-ஆம் தேதி ஜெர்மனியின் பேயர் கம்பெனி, அமெரிக்காவின் மான்சாண்டோவைச் சுமார் 6,600 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. வாங்குபவரும் விற்பவரும் இசைந்து விட்டனர். ஆயினும் காரியம் முடிய இருபது மாதங்களுக்கு மேலாயிற்று. ஏறக்குறைய 30 நாடுகளின் போட்டிச் சட்ட அதிகாரிகளிடம் அனுமதி பெற வேண்டியிருந்தமையே காரணம். சரக்கு எங்கே விற்பனையாகிறதோ, அந்நாட்டின் சட்டமும் குறுக்கிட்டுக் கேட்கும். 2001-இல் ஜெனரல் எலெக்ட்ரிக், ஹனிவெல் என்னும் இரு அமெரிக்கக் கம்பெனிகளின் இணைப்பைச் சொந்த நாடு நிபந்தனையுடன் ஏற்றது; ஐரோப்பிய ஆணையமோ தடுத்துவிட்டது. இணைப்பு நடக்கவேயில்லை.

இந்த அபாயத்தை முன்னறிந்தே இப்போது ஒப்பந்தங்கள் எழுதப்படுகின்றன. குறிப்பிட்ட அனுமதிகள் கிடைக்கும் வரை பணமும் பங்கும் கைமாறா. அனுமதிக்காக எந்த அளவுக்குத் தொழிலை விற்றுவிட வாங்குபவர் இசைய வேண்டும் என்பதும் முன்கூட்டியே பேசப்படும். அனுமதி கிடைக்காமற் போனால் நஷ்டம் யாருடையது? பேயர் ஒப்பந்தப்படி, அப்படி நேர்ந்தால் மான்சாண்டோவுக்கு அது 200 கோடி டாலர் கொடுக்க வேண்டும். இறுதியில் அனுமதி கிடைத்தது. ஆனால் விதை, களைக்கொல்லித் தொழில்களில் பெரும்பகுதியைப் பி.ஏ.எஸ்.எப். கம்பெனிக்கு விற்க நேர்ந்தது. 2018 ஜூன் 7-ஆம் தேதி மான்சாண்டோ கைக்கு வந்த பின்னும், அவ்விற்பனை முடியும் வரை, ஆகஸ்டு மாதம் வரை, இரு கம்பெனிகளையும் தனித்தனியே நடத்த வேண்டியதாயிற்று.

நம் நாடும் வாளாவிருக்கவில்லை. 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, வெளிநாட்டில் செய்யப்படும் ஒப்பந்தமாயினும் இந்தியச் சந்தையில் போட்டியைக் கெடுக்குமானால் அதனை விசாரிக்க இடமளிக்கிறது. இணைப்புகள் பற்றிய பிரிவுகள் 2011 ஜூன் 1 முதல் அமலில் உள்ளன. பேயர் விவகாரத்தில் இந்தியப் போட்டி ஆணையம் 2018-இல் நிபந்தனைகளுடன் அனுமதி அளித்தது. மஹிகோ விதைக் கம்பெனியில் மான்சாண்டோ வைத்திருந்த 26 சதவீதப் பங்கை விற்றுவிட வேண்டும். இந்தியாவில் விற்பனையிலுள்ள விதைத் தொழில்நுட்பங்களை ஏழாண்டுக் காலம், ஒருவருக்கு மட்டும் என்றில்லாமல், நியாயமான முறையில் பிற விதைக் கம்பெனிகளுக்கும் உரிமம் தர வேண்டும். இவை அந்நிபந்தனைகளுட் சில.

இத்தகைய நிபந்தனைகளால் விதை விலை தானே இறங்கிவிடும் என்று நாம் சொல்லவில்லை. மாற்று விற்பனையாளர் ஒருவர் சந்தையில் நிற்க இடம் கிடைக்கும், அவ்வளவே. அதுவும் சிறிய நன்மையன்று.

இனி, உரிமையைப் பற்றி. ஓர் இணைப்பு போட்டியைக் கெடுக்கக்கூடும் என்று முதல் நோக்கில் தோன்றினால், அதன் விவரங்களைப் பொதுமக்கள் அறிய வெளியிடும்படி ஆணையம் பணிக்கும். பாதிக்கப்படக் கூடிய எவரும் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். இதற்குக் கிடைப்பவை சில நாட்களே. தனி விவசாயியோ தனி நெசவாளரோ அக்கெடுவுக்குள் விவரம் திரட்டி எழுதுதல் அரிது. சங்கத்தால் இயலும். யாரிடம் எவ்வளவு வாங்கினோம், என்ன விலை கொடுத்தோம், வேறு விற்பனையாளர் உண்டா என்பவை நம் கொள்முதல் பதிவேடுகளிலேயே உள்ளன. தணிக்கைக்காக மட்டுமே அவற்றை எழுதி வைக்கிறோம் என்று செயலாளர்கள் எண்ண வேண்டாம். ஆண்டுதோறும் ஒழுங்காக எழுதப்பட்ட பதிவேடு, வேண்டிய வேளையில் சங்கத்தின் சாட்சியாகவும் நிற்கும்.