குடி நின்ற நாளில் வரும் ஆபத்து

குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். அது போதை தலைக்கேறியபின் செய்கிற காரியம். ஆனால் குடிநோயாளி துணிகிற மிக மோசமான ஆபத்துகளில் சில, ஒரு சொட்டுகூட உள்ளே போகாத நேரத்தில் நடப்பவை. இதை நாம் அதிகம் பேசுவதில்லை.

கொரோனா ஊரடங்கால் 2020 மார்ச் 24-ஆம் தேதியோடு டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. ஏப்ரல் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்தில் மூன்று மீனவர்கள் இறந்தார்கள். சவரம் செய்தபின் தடவுகிற லோஷனைக் குளிர்பானத்தில் கலந்து குடித்திருந்தார்கள். செங்கல்பட்டில் பெயின்டும் வார்னிஷும் கலந்து குடித்து மூன்று பேர் செத்தார்கள். வார்னிஷ் குடிக்கிற பொருள் அல்ல என்பது யாருக்குத்தான் தெரியாது?

தெரிந்தும் ஏன் குடிக்கிறார்கள்? மது மூளையை மந்தமாக்கும். ஆண்டுக்கணக்காகத் தினமும் குடிப்பவரின் மூளை, அந்த மந்தத்தை ஈடுகட்ட எப்போதும் முறுக்கேறியே இருக்கப் பழகிவிடுகிறது. திடீரென்று மது நின்றால் முறுக்கு மட்டும் மிஞ்சும். சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போய்விடும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும், இடம் பொருள் புரியாது. கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். அந்த வேதனையில் இருப்பவருக்கு நாளை என்ன ஆகும் என்பது ஒரு பொருட்டே அல்ல. இந்த நொடி நடுக்கம் நின்றால் போதும். இதைத் திமிர் என்று சொல்பவர்கள் அந்த நடுக்கத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை.

அதே ஊரடங்கில் கேரள அரசு, மருத்துவர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று உத்தரவிட்டது. மருத்துவர்கள் எதிர்த்தார்கள், உயர் நீதிமன்றம் தடை போட்டது. மருத்துவர்கள் சொன்னதே சரி. நடுக்கத்தை அடக்கவும் வலிப்பைத் தடுக்கவும் மாத்திரைகள் இருக்கின்றன, தயமின் (வைட்டமின் பி1) ஊசி இருக்கிறது. நாம் செய்த தவறு, கடையை மூடியது அல்ல. மூடிய கையோடு மருத்துவமனைக் கதவைத் திறந்து, 'இங்கே வாருங்கள்' என்று சொல்லாததுதான்.

இன்றைக்கும் கடை திறப்பது பகல் 12 மணிக்கு. விடியும்போதே கை நடுங்குகிறவருக்கு அது வெகு தூரம். அந்த இடைவெளியில்தான் கள்ளத்தனமாக விற்கும் பாட்டிலும் பாக்கெட் சாராயமும் அவரைத் தேடி வருகின்றன. பாக்கெட்டுக்குள் மெத்தனால் இருந்தால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பார்த்தோம். அறுபதுக்கும் மேற்பட்டவர்களை அது கொன்றது.

உங்கள் வீட்டில் தினமும் குடிக்கிறவர் "நாளையிலிருந்து தொடமாட்டேன்" என்று சொன்னால், சத்தியம் வாங்கிக்கொண்டு அறையில் அடைத்து வைக்காதீர்கள். அன்றே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-ஐ அழைத்துக் கேளுங்கள்.