முறுக்கிய கயிறு கல்லை எறிவது எப்படி?

ஊஞ்சல் கயிற்றை முறுக்கிக்கொண்டு காலைத் தூக்கினால், தலை கிறுகிறுக்கும் வேகத்தில் அது பிரியும். கிரேக்க, ரோமானியக் கல்லெறி பொறிகளுக்கு உயிர் கொடுத்ததும் இந்த முறுக்குத்தான்.

வில்லை எவ்வளவுதான் பெரிதாக்குவது? ஒரு கட்டத்தில் முறிந்துவிடும். அதனால் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்கர்கள் வில்லை இரண்டு கைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு தடித்த கயிற்றுக் கட்டுக்குள் செருகினார்கள். சாதாரணக் கயிறு அல்ல. விலங்குகளின் தசைநாண் அல்லது முடி. நாணைப் பின்னுக்கு இழுக்க இழுக்கக் கட்டு முறுக்கேறும். விட்டதும் கைகள் சடாரென முன்னே பாயும்.

எவ்வளவு கனமான கட்டு வேண்டும்? கிரேக்கப் பொறியாளர் பைசாந்தியத்தின் ஃபிலோ இதற்குக் கனமூலக் கணக்கே எழுதிவைத்தார். 26 கிலோ கல்லுக்குக் கட்டு நுழையும் துளையின் விட்டம் சுமார் 39 செ.மீ. கல் எட்டு மடங்கு கனத்தால், துளை இரண்டு மடங்கு அகன்றால் போதும். கால்குலேட்டர் இல்லாத காலத்தில்!

எனக்குப் பிடித்தது வேறு. இரு கட்டுகளும் சமமாக முறுக்கேறாவிட்டால் குறி கோணலாகும். எனவே கட்டுகளைக் கையால் தட்டி, இரண்டும் ஒரே சுருதியில் ஒலிக்கிறதா என்று கேட்கச் சொல்கிறார் ரோமானியப் பொறியாளர் விட்ரூவியஸ். பொறியாளருக்கு இசைக்காது வேண்டுமாம்.

ஈரம்தான் பரம எதிரி. மழையில் நனைந்தால் தசைநாண் தொய்ந்துவிடும். இடைக்காலத்தில் எடைக்கல்லின் பாரத்தால் இயங்கிய கவண்பொறிக்கு அந்தக் கவலையே இல்லை.