பிழைப்பு இங்கே, சலுகை அங்கே

காலை ஏழு மணிக்கு அடுகோடி சந்துகளில் தமிழ் காதில் விழாமல் நடக்க முடியாது. மைக்கோ (இன்றைய பாஷ்) ஆலையும் பக்கத்துக் கோரமங்களாவில் எழும்பிய அடுக்குமாடிகளும் தமிழ்நாட்டின் வட மாவட்டத்துக் கொத்தனார்களையும் சித்தாள்களையும் இழுத்துவந்தன. ஓசூர் சாலையில் சுமார் 30 கிலோமீட்டர் போனால் தமிழக எல்லை. ஆனால் அரசுச் சலுகைகளின் கணக்கில் அது வெகுதூரம்.

அரூர் முகவரியுள்ள ஆதாருடன் வந்த ஒரு சித்தாளை எடுத்துக்கொள்வோம். கர்நாடக அரசு 2023 ஜூனில் தொடங்கிய சக்தி திட்டத்தில் பெண்களுக்கு பஸ் பயணம் இலவசம். ஆனால் கர்நாடக முகவரி வேண்டும். அவர் டிக்கெட் வாங்கியாக வேண்டும். அதே ஆண்டு வந்த கிருகலட்சுமி திட்டத்தின் மாதம் 2,000 ரூபாய்க்கோ கர்நாடக ரேஷன் கார்டு தேவை. கார்டை மாற்றிக்கொண்டால்? ஒருவர் பெயர் இரண்டு கார்டில் இருக்க முடியாது. ஊரில் 2011 முதல் கிடைத்த இலவச அரிசியும், கார்டை நம்பியிருக்கும் மற்ற உதவிகளும் போய்விடும். முகவரிச் சான்றுக்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும். ஒற்றை அறைக்கு எழுத்தில் ஒப்பந்தம் தரும் வீட்டுக்காரர்கள் அபூர்வம்.

'ஒரே நாடு ஒரே ரேஷன்' இதற்காகவே வந்தது. 2020 ஊரடங்கில் தொழிலாளர்கள் பட்ட பாட்டுக்குப் பின், எல்லா மாநிலங்களும் 2021 ஜூலை 31க்குள் இதைச் செயல்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. விரல் ரேகை பதித்து எந்த ஊர்க் கடையிலும் தானியம் வாங்கலாம்.

சிக்கல் இங்கேதான். 2013ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் கார்டுகளுக்கு மட்டுமே இந்த வசதி. தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாக் குடும்பங்களுக்கும் கார்டு உண்டு என்றாலும், ஒரு பகுதிதான் இந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது. முன்னுரிமையற்ற கார்டு வைத்திருப்பவருக்கு ஊரில் அரிசி கிடைக்கும், அடுகோடியில் கிடைக்காது. கார்டு எந்த வகை என்பது அதன் மேலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. சந்தேகமிருந்தால் 14445 என்ற எண்ணில் கேட்கலாம்.

ஒரு கதவு மட்டும் திறந்திருக்கிறது. கட்டடத் தொழிலாளர் நல வாரியம் சொந்த மாநிலம் எது என்று பார்ப்பதில்லை. 18 முதல் 60 வயதுக்குள் இருந்து, கடந்த 12 மாதத்தில் 90 நாள் கட்டட வேலை பார்த்திருந்தால், வேலை பார்க்கும் மாநிலத்திலேயே பதிவு செய்யலாம். விபத்து, பிரசவம், பிள்ளைகளின் படிப்பு, ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு உதவி உண்டு. பணம், கட்டடச் செலவில் வசூலிக்கும் தீர்வையிலிருந்து வருகிறது. இடிப்பது 90 நாள் சான்று. மேஸ்திரிக்கு மேஸ்திரி மாறி வேலை பார்ப்பவருக்குக் கையெழுத்துப் போடுவது யார்?

சாரத்திலிருந்து விழுந்து படுத்துவிட்ட பிறகு இந்தச் சான்றைத் தேடி அலைய முடியாது. உடம்பு நன்றாக இருக்கும்போதே, வேலை முடியும் ஒவ்வொரு இடத்திலும் வாங்கிவைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

ஓட்டு ஊரில், உழைப்பு பெங்களூரில். அடுகோடியில் ஓட்டுக் கேட்டு வருபவர்கள் இவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை. ஊரில் தட்டும்போது வீடு பூட்டியிருக்கிறது.