பல்கலைக்கழகம் புகுவோரும் மூளையுறையழற்சியும்

கல்வியின் பொருட்டுப் பெற்றோரை நீங்கி வேற்றூர் சென்று வாழ்தல் இளைஞர் வாழ்விலே பெரியதொரு மாற்றமாகும். உணவு மாறுகின்றது, உறங்கும் நேரம் மாறுகின்றது, நேற்றுவரை கண்டறியாதோர் இன்று ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கும் தோழராகின்றனர். இவற்றை யாவரும் அறிவர். ஆயின் கண்ணுக்குப் புலனாகாத வேறொரு மாற்றமும் அந்நாள்களில் நிகழ்கின்றது. அது மாணவரின் தொண்டையில் நிகழ்வது.

1997 ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில், இங்கிலாந்தின் நொற்றிங்காம் பல்கலைக்கழகத்து முதலாண்டு மாணவர் ஏறக்குறைய 2,500 பேரின் தொண்டைகளை ஆய்வாளர் சோதித்தனர். உணவு வழங்கும் விடுதிகளில் வாழ்ந்தோருள் மெனிங்கோகொக்கசு என்னும் பற்றீரியாவைத் தாங்கியோர் முதலாம் நாளில் நூற்றுக்கு 6.9 ஆகவும், இரண்டாம் நாளில் 11.2 ஆகவும், மூன்றாம் நாளில் 19.0 ஆகவும், நான்காம் நாளில் 23.1 ஆகவும் காணப்பட்டனர். டிசெம்பர் மாதத்தில் இத்தொகை 34.2 ஆயிற்று. முதல் வாரம் முடியுமுன்னரே அது மும்மடங்குக்கு மேற்பட்டுவிட்டது. பல்கலைக்கழகம் புகுவோர் தடுப்பூசியை எப்பொழுது பெறல்வேண்டும் என்னும் வினாவுக்குரிய விடை இவ்வெண்களில் அடங்கியிருக்கின்றது. அதனை விளங்கிக்கொள்ள இந்நோயின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும்.

மூளையையும் முண்ணாணையும் போர்த்திருக்கும் மெல்லிய சவ்வுகள் மூளையுறைகள் எனப்படும். அவை அழற்சியுறுதலே மூளையுறையழற்சி. வைரசு, பற்றீரியா, பங்கசு ஆகிய பலவும் இதனை விளைவிக்க வல்லன. அவற்றுள் பற்றீரியாவினால் வருவதே மிகக் கொடியது. இளைஞரைத் தாக்கும் பற்றீரியாக்களுள் மெனிங்கோகொக்கசு முதன்மையானது. 1887 ஆம் ஆண்டில் வியன்னா நகரில் அன்ரன் வைக்செல்பவும் என்னும் அறிஞர் இதனை நோயாளரின் மூளைய முண்ணாண் பாய்பொருளிற் கண்டு விவரித்தார். இதற்கு மனிதனின் மூக்குந் தொண்டையுமன்றி வேறு உறைவிடம் இல்லை. நெருங்கிப் பழகுதல், இருமல், முத்தமிடல் ஆகியவற்றால் ஒருவரிலிருந்து மற்றொருவருக்குச் செல்லும். பொதுமக்களுள் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இதனைத் தொண்டையில் தாங்கியிருந்தும் யாதொரு துன்பமும் அறியார். இத்தகையோர் காவிகள் எனப்படுவர்.

மிகச் சிலரிடத்து மட்டும் இது தொண்டையைக் கடந்து குருதியிற் புகுகின்றது. புகுந்தபின் நோய் நாட்கணக்கில் அன்று, மணிக்கணக்கில் முற்றும். தக்க சிகிச்சை கிடைத்தவிடத்தும் பத்தில் ஒருவர் அளவிற்கு இறக்கின்றனர். பிழைத்தோரிலும் செவிப்புலன் இழந்தோர், கைகால் இழந்தோர், மூளை பாதிப்புற்றோர் உளர்.

காவிகள் பலராயிருக்க நோயுறுவோர் மிகச் சிலராயிருத்தல் எங்ஙனம் என்னும் ஐயம் ஈண்டு எழும். இதற்கு விடை தந்தது ஐக்கிய அமெரிக்க இராணுவத்தில் நடைபெற்று 1969 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு. புதிதாகச் சேர்ந்த வீரரின் குருதி, அவர் பாசறைக்கு வந்த காலத்திலேயே எடுத்துவைக்கப்பட்டது. பின்னர் நோயுற்ற 54 பேருள் மூவரின் குருதியில் மாத்திரமே இப்பற்றீரியாவைக் கொல்லும் பிறபொருளெதிரிகள் முன்னரே இருந்தன. நோயுறாதோரிலோ நூற்றுக்கு ஏறக்குறைய 82 பேரிடம் அவை இருந்தன. எனவே பற்றீரியாவை நெடுநாள் தாங்கியிருப்பவன் பெரும்பாலும் காப்புடையவன்; பிறபொருளெதிரி இல்லாதவனாய் அதனைப் புதிதாகப் பெறுபவனே ஆபத்துக்குரியவன். அவ்வாபத்தும் பெற்ற சில நாள்களுள்ளேயே நேர்வது.

பாசறைக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவு அதற்கு நெடுங்காலம் முன்னரே அறியப்பட்டிருந்தது. முதலாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய இராணுவ வைத்தியரான குளோவர் என்பார், கட்டில்களின் இடைவெளி குறையக் காவிகளின் தொகை பெருகுவதையும், கட்டில்களை விலக்கியிட அத்தொகை குறைவதையும் கண்டு காட்டினார். பல திசைகளினின்றும் வந்த இளைஞர், தத்தம் ஊர்ப் பற்றீரியாக்களுடன், ஒரே நாளில் நெருக்கமாகக் குடியேறும் இடம் பாசறை. பல்கலைக்கழக விடுதியும் இவ்வகையில் அதனை ஒத்ததே.

ஆயினும் பல்கலைக்கழகக் கல்வியே ஆபத்தானது என எண்ணுதல் தவறு. 1998–1999 கல்வியாண்டில் ஐக்கிய அமெரிக்காவில் எடுக்கப்பட்ட கணக்கின்படி, பட்டப்படிப்பு மாணவர் யாவரையும் ஒருங்கு நோக்கின் இலட்சத்துக்கு 0.7 பேரே இந்நோயுற்றனர். கல்லூரி செல்லாத 18 முதல் 23 வயது வரையினரிடத்து அது 1.4. ஆனால் விடுதியில் வாழ்ந்த முதலாண்டு மாணவரிடத்து 5.1 ஆக இருந்தது. ஆகவே இடர் கல்வியில் இல்லை. முதலாண்டும் விடுதியும் சேர்ந்த சேர்க்கையிலேயே உள்ளது. நோய் அரிதாயினும் அது எவரை, எப்பொழுது நாடும் என்பது முன்னரே தெரிந்திருக்கின்றது. முன்னறியக்கூடிய இடருக்கு முன்கூட்டியே காப்புத் தேடுதல் அறிவுடைமையாகும்.

இனி, தடுப்பு மருந்தின் வரலாற்றை நோக்குவோம். இப்பற்றீரியாவைச் சுற்றிப் பல்சக்கரைட்டாலான ஓர் உறை உண்டு. உறையின் வேறுபாட்டால் இதனைப் பல கூட்டங்களாகப் பிரிப்பர். அவற்றுள் பெரும்பாலும் நோய் விளைப்பன ஏ, பி, சீ, டபிள்யூ, எக்ஸ், வை என்னும் ஆறு. மேற்கூறிய அமெரிக்க இராணுவ ஆய்வாளரே சீ உறையைத் தூய்மையாகப் பிரித்துத் தடுப்பு மருந்தாக்கினர். அது வீரரைக் காத்தது, எனினும் குறையுடையது. குழந்தைகளில் அது நன்கு பயன்படவில்லை. நிர்ப்பீடன நினைவையும் நெடிது நிலைநிறுத்தவில்லை. உறைப்பொருளை ஏற்புநோய், தொண்டைக்கரப்பன் ஆகியவற்றின் தடுப்பு மருந்துகளிற் பயன்படுவது போன்ற ஒரு புரதத்துடன் இணைத்தபோது இக்குறைகள் பெரிதும் நீங்கின. இத்தகைய இணைப்பு மருந்தைச் சீ கூட்டத்துக்கு எதிராக 1999 ஆம் ஆண்டு நவம்பரில் நாடளாவிய திட்டமாக முதன்முதல் தொடங்கிய நாடு பிரித்தானியா.

அதன் பயன் இருவகைத்து. ஊசி பெற்றவரை அது காத்தது. அவர் தொண்டையில் பற்றீரியா குடியேறுதலையும் குறைத்தது. ஓராண்டினுள் 15 முதல் 17 வயது வரையினரிடத்துச் சீ கூட்டத்தின் காவிகள் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தனர். அதனால் ஊசி பெறாதோரிடத்தும் நோய் அருகியது. ஓர் இளைஞன் தனக்கென ஏற்ற ஊசி, அவன் காணாத ஒரு பாட்டியையும் ஒரு குழந்தையையும் காத்தது எனலாம்.

2009 ஆம் ஆண்டுக்குப் பின்னர் டபிள்யூ கூட்டத்தின் வீரியமான ஓர் இனம் இங்கிலாந்திற் பரவலாயிற்று. 2009–2010 இல் 22 பேர் அதனால் நோயுற்றிருக்க, 2014–2015 இல் அத்தொகை 176 ஆயிற்று. ஆதலின் 2015 ஆகத்து முதலாக ஏ, சீ, டபிள்யூ, வை ஆகிய நான்குக்கும் எதிரான ஊசி இளைஞருக்கு வழங்கப்பட்டது. பாடசாலையில் ஏறக்குறைய 14 வயதில் அது ஏற்றப்படும். அங்கு தவறவிட்டோரும், வெளிநாடுகளிலிருந்து வந்து பல்கலைக்கழகம் புகுவோரும் 25 வயது நிரம்பும்வரை பெறலாம். இலங்கையின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இவ்வூசி இடம்பெறாத காரணத்தால், இங்கிருந்து அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குச் செல்லும் மாணவர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

இங்கு பலர் மயங்கும் இடம் ஒன்று உண்டு. மேற்கூறிய ஊசி பி கூட்டத்தைத் தடுப்பதன்று. பி உறையின் பல்சக்கரைட்டு மனித நரம்பிழையத்திலுள்ள ஒரு பொருளை ஒத்திருத்தலால், உடல் அதனைப் பகையென நன்கு இனங்காண்பதில்லை. ஆகவே அறிஞர் வேறு வழி நாடினர். இத்தாலிய அறிஞர் றீனோ றப்புவோலியும் அவர் குழுவினரும் பற்றீரியாவின் பரம்பரையலகுத் தொகுதி முழுவதையும் ஆராய்ந்து, அதன் மேற்பரப்பிலுள்ள தக்க புரதங்களைத் தெரிந்தெடுத்தனர். அவ்வாறமைந்த மருந்துக்கு 2013 ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது.

அதே ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் பி கூட்ட நோய் தோன்றிற்று. அந்நாட்டில் அப்பொழுது அம்மருந்துக்கு அனுமதி இல்லாமையால், தனியிசைவு பெற்று டிசெம்பரில் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு ஏற்றினர். ஊசி பெற்ற மாணவர் காக்கப்பட்டனர். ஆயின் 2014 மார்ச்சில், அம்மாணவருடன் பழகிய, பிலடெல்பியா நகரின் வேறொரு பல்கலைக்கழகத்து மாணவர் ஒருவர் அதே இனப் பற்றீரியாவினால் இறந்தார். பி மருந்து பெறுபவரைக் காக்கும். அவர் தொண்டையிற் காவுதலைத் தடுக்காது என்பதற்கு இத்துயரம் சான்றாயிற்று. தென் அவுஸ்திரேலியாவில் முப்பத்துநாலாயிரத்துக்கு மேற்பட்ட பாடசாலை மாணவரிடத்து நிகழ்ந்து 2020 இல் வெளியான ஆய்வும் இதனை உறுதிப்படுத்தியது. ஆகவே பி கூட்டத்தைப் பொறுத்தவரை, தோழன் ஊசி பெற்றமை தன்னைக் காக்கும் என எவரும் இருத்தலாகாது. மேலும், பிரித்தானியாவில் 2015 இல் தொடங்கிய பி ஊசித் திட்டம் குழந்தைகளுக்குரியது. ஊசி பெற்றேன் என்னும் இளைஞன் எக்கூட்டத்துக்கு எதிராகப் பெற்றான் என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

தடுப்பூசி எத்துணைச் சிறந்ததாயினும் முழுக்காப்பு அன்று. எனவே நோய்க்குறிகளை அறிதலும் இன்றியமையாதது. கடுங் காய்ச்சல், தலைவலி, வாந்தி, கழுத்து விறைத்தல், ஒளியை நோக்க மாட்டாமை, மனக்குழப்பம் என்பன பலரும் அறிந்தவை. இவற்றுக்கு முன்னரே கால்வலியும், காய்ச்சலிடையே கைகால் குளிர்தலும், தோல் வெளிறுதலும் தோன்றல் கூடும். கண்ணாடிக் குவளையை அழுத்திப் பார்த்தாலும் மறையாத செந்நிறப் புள்ளிகள் குருதி நஞ்சூட்டலின் அறிகுறி. அவை பிந்தித் தோன்றலாம், தோன்றாமலும் போகலாம். புள்ளிகளுக்காகக் காத்திருத்தல் கூடாது.

வீட்டில் ஒருவன் காய்ச்சலுற்றால் தாய் இரவில் இருமுறை எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். விடுதியில் அத்தாய் இல்லை. முதல் வாரத்துக் களைப்பு என்றும், சாதாரணத் தடிமன் என்றும், முன்னிரவுக் களியாட்டின் பயன் என்றும் கருதி அவன் கதவைச் சாத்திப் படுத்துவிடுவான். மனங்குழம்பியவன் தன் நோயைத் தானே உணரான். ஆதலின் அறைத்தோழர் கடமை பெரிது. நோயுற்றவனைத் தனியே விடாது அடிக்கடி சென்று பார்த்தலும், நிலை மோசமாகுமாயின் விடியும்வரை பொறுத்திராது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லலும் உயிர் காக்கும் செயல்களாம். நோயுற்றவனுடன் நெருங்கிப் பழகியோருக்கு வைத்தியர் நுண்ணுயிர்க்கொல்லி வழங்குவதும் இதன் பொருட்டே.

நொற்றிங்காமின் எண்களை மீண்டும் நினைவு கூர்தல் தகும். தடுப்பூசி காப்பளிக்க ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டும். பற்றீரியாவோ நான்கு நாள்களில் பரவிவிடுகின்றது. பல்கலைக்கழகம் சென்ற பின்னர் ஊசி தேடுவோன் காலந் தாழ்த்தவனாவான். எனினும் பெறாது விடுதலினும் பிந்திப் பெறுதல் நன்று. அனுமதிக் கடிதம் கைக்கு வந்தவுடன் நூல்களையும் உடைகளையும் தேடுவதுபோல, தான் பெற்ற ஊசிகளின் பதிவையும் தேடிப் பார்த்தல் மாணவருக்கும் பெற்றோருக்கும் கடன். பிள்ளைகளை உயர்கல்விக்கு ஆயத்தஞ் செய்யும் ஆசிரியர், பாடநூல்களுடன் இதனையும் ஒருமுறை எடுத்துரைப்பாராயின், அவர் ஆற்றும் தொண்டு சிறிதன்று.