அந்நிய மண்ணில் ஆட்டக்காரர்கள் - 9
பெய்ஜிங்கை ஊராக்கிக் கொண்டவர்

வெளிநாட்டு லீக்குகளுக்குப் போகிற அமெரிக்கக் கூடைப்பந்து வீரர்களின் பிழைப்பு எவ்வளவு நிலையில்லாதது என்று சென்ற வாரம் பார்த்தோம். ஒப்பந்தம் ஒரு சீசனுக்கு. சில சமயம் அதுகூட இல்லை. அணி அடுத்தடுத்துத் தோற்றால் முதலில் பெட்டி கட்டுவது வெளிநாட்டுக்காரர்தான். அப்படிப்பட்ட பிழைப்பில் 8 ஆண்டுகள் நின்று, ஆடிய ஊரில் தனக்குச் சிலை எழும்பியதைக் கண்டவர் ஸ்டெஃபான் மார்பரி.

நியூயார்க்கின் புரூக்ளினில், கோனி ஐலண்ட் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர். 1996 என்.பி.ஏ. டிராஃப்டில் 4-வது ஆளாகத் தேர்வானார். மினசோட்டா, நியூ ஜெர்சி, ஃபீனிக்ஸ் என்று அணி மாறி, 2004-ல் சொந்த ஊர் அணியான நிக்ஸுக்கே வந்து சேர்ந்தார். அங்கேதான் எல்லாம் கெட்டது. பயிற்சியாளர்களோடு தகராறு, பத்திரிகைகளின் வசவு. 2007 டிசம்பரில் ஒரு நாள், மகனின் ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்த தந்தைக்கு அரங்கிலேயே நெஞ்சுவலி வந்தது, அன்றே இறந்துபோனார். ஆட்டம் முடிந்த பிறகுதான் மகனுக்குச் செய்தி சொன்னார்கள். 2008-09 சீசனுக்கு 2 கோடி டாலருக்கு மேல் சம்பளம் பேசியிருந்த நிக்ஸ், அந்த சீசனில் அவரை ஒரு ஆட்டத்தில்கூட இறக்கவில்லை. பாஸ்டனில் சில மாதங்கள் ஆடியதோடு என்.பி.ஏ. வாழ்க்கை முடிந்தது.

2010 ஜனவரியில் அவர் போய் இறங்கிய இடம் தையுவான். சீனாவின் நிலக்கரி மாகாணமான ஷான்சியின் தலைநகரம். ஏழைப் பிள்ளைகளும் வாங்கட்டும் என்று 15 டாலருக்குள் விற்ற தன் ‘ஸ்டார்பரி’ ஷூவைச் சீனச் சந்தையில் கொண்டுபோக வேண்டும் என்ற எண்ணமும் உடன் இருந்தது. ஷான்சி அணி அவரைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளவில்லை. ஃபோஷானில் ஒரு சீசன். 2011-ல் பெய்ஜிங் டக்ஸ்.

வலு குறைந்த லீக்கில் மலிவாகப் பெயர் வாங்கினார் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. என்.பி.ஏ.வில் இருந்து போனவர்கள் அங்கே 30, 40 புள்ளிகள் எடுப்பது வாடிக்கை. அவர்களில் எத்தனை பேர் கோப்பையைத் தொட்டார்கள்? அன்றைய சீன லீக் விதிப்படி, ஒரு அணியின் இரண்டு வெளிநாட்டவர்களும் சேர்ந்து மொத்தம் ஆறு கால்பகுதிகள்தான் ஆடலாம். ஆட்டத்தின் நான்கு கால்பகுதிகளில் பாதி நேரமாவது ஒரு வெளிநாட்டவர் வெளியே உட்கார வேண்டும். ஆகவே, உள்ளூர்ப் பையன்கள் நம்பி ஷாட் எடுத்தால்தான் வெற்றி. நியூயார்க்கில் ‘பந்தை விடாத சுயநலக்காரர்’ என்று திட்டு வாங்கியவர், பெய்ஜிங்கில் செய்தது நேர்மாறான வேலை. பந்தைக் கொண்டு வரும் பொறுப்பைத் தைவான்காரரான லீ சுவே-லின்னோடு பகிர்ந்துகொண்டார். இளைஞர்களை இழுத்து வைத்துப் பேசினார், தேற்றினார். ரசிகர்கள் அவருக்கு ‘அரசியல் கமிசார் மா’ என்று பட்டம் வைத்தார்கள். படைவீரர்களின் மனத்தைத் திடப்படுத்தும் அதிகாரியின் பதவிப் பெயர் அது.

அவருடைய அந்த முதல் சீசனில் தொடக்க 13 ஆட்டங்களையும் பெய்ஜிங் வென்றது. அரையிறுதியில் எதிரே வந்தது, அவரைக் கைவிட்ட அதே ஷான்சி. 3-2 என்று மூச்சுமுட்டித்தான் ஜெயிக்க முடிந்தது. இறுதியில் குவாங்டாங், அதற்கு முந்தைய 8 ஆண்டுகளில் 7 முறை பட்டம் வென்ற அணி. 2012 மார்ச் 30 அன்று ஐந்தாவது ஆட்டத்தில் 35 வயது மார்பரி எடுத்தவை 41 புள்ளிகள். ஆட்டம் 124-121, தொடர் 4-1. பெய்ஜிங்கின் முதல் பட்டம் அது. அத்தனை பேர் நடுவில் அவர் அழுதார்.

சில வாரங்களில் வூகேசோங் அரங்குக்கு வெளியே கோப்பையைத் தாங்கிய கோலத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள். சீசன் முடிந்ததும் அமெரிக்காவுக்கு விமானம் ஏறிவிடுகிற ஆளாக இருந்திருந்தால் நகரம் இவ்வளவு ஒட்டியிருக்காது. பெய்ஜிங் மெட்ரோவில் சனங்களோடு சனமாக நின்று பயணம் செய்தார். 2014, 2015 என்று இன்னும் இரண்டு பட்டங்கள். கௌரவக் குடிமகன் என்றது நகரம். நிரந்தரமாகத் தங்கும் உரிமையை அரசு கொடுத்தது.

ஆனால், தொழில்முறை விளையாட்டு எந்த ஊரிலும் தொழில்தான். 2017-ல் டக்ஸ் நிர்வாகம், ஆடியது போதும், பயிற்சியாளர் குழுவுக்கு வாருங்கள் என்றது. மார்பரி மறுத்துவிட்டு, அதே நகரத்தின் இன்னொரு அணிக்கு மாறி மேலும் ஒரு சீசன் ஆடினார். 2018 பிப்ரவரியில், 41 வயதை எட்ட ஒன்பது நாட்கள் இருக்கும்போது கடைசி ஆட்டம். மறு ஆண்டே அந்த இரண்டாவது அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார்.