சமயமென்னும் உடன்பாடு: படைவீட்டு இராச்சியத்துச் சாசனம் ஒன்று

சமயம் என்னும் வடசொல் காலம், உடன்பாடு, கொள்கை எனப் பல பொருள் தரும். இக்காலத்தார் அதனைக் கேட்டவளவிலே கடவுட்கொள்கை என்னும் ஒன்றனையே கருதுப. பலர் கூடித் தம்முட் செய்துகொண்ட கட்டுப்பாடு என்னும் பொருளும் அதற்குண்டென்பது சாசனங்களிற் பயின்றார்க்குப் புலனாம். ஒருவன் ஒரு சமயத்தானாதல் அவனது நம்பிக்கையானோ, ஒழுக்கத்தானோ, இனத்தார் அவனைத் தம்முள் ஒருவனாக ஏற்றலானோ என்னும் வினாவினை ஆராய்வார்க்கு இப்பொருள் பெரிதும் பயன்படுவதாம்.

படைவீடு, இக்காலத்துப் படவேடு, திருவண்ணாமலை மாவட்டத்திலே சவ்வாது மலையின் அடிக்கண், கமண்டல நதியின் பாங்கர் உள்ளது. சம்புவராயர்க்குத் தலைநகராயிருந்து, 14ஆம் நூற்றாண்டிற் குமார கம்பணரின் வெற்றிக்குப்பின் விசயநகரத்தார் ஆட்சியில் ஓர் இராச்சியத்துக்குப் பெயராயிற்று. தேவராய மகாராயர் காலத்துச் சகம் 1347 விசுவாவசு ஆண்டு பங்குனித் திங்களில், அஃதாவது கி.பி. 1426இல், அவ்விராச்சியத்து வேதம்வல்ல அந்தணர் கூடித் தருமத்தை நிலைநிறுத்தும் சமயபத்திரம் ஒன்று எழுதினர். எழுதியது அருக்கபுட்கரிணிக் கோபிநாதர் திருமுன்பு. கல்லில் வெட்டியது விரிஞ்சிபுரத்துச் சிவாலயத்தில். திருமால் சந்நிதியில் எழுதியதனைச் சிவன்கோயிற் கல் தாங்குதல் கருதற்பாலது.

அதன் கருத்து வருமாறு: கன்னடர், தமிழர், தெலுங்கர், இலாளர் முதலிய அந்தணர் யாவரும், எக்கோத்திரத்தார் எச்சாகையாராயினும், இனிக் கன்னிகாதானமாகவே மணஞ்செய்தல் வேண்டும். பொன் பெற்றுப் பெண் கொடுப்பாரும், பொன் கொடுத்துப் பெண் கொள்வாரும், இருதிறத்தாரும் அரசதண்டத்துக்கு ஆளாவர். அந்தணர் குழுவினின்றும் புறம்பாவர்.

விதித்த இப்பகுதியிற் கடவுளைப்பற்றிய கொள்கை ஒன்றும் வினாவப்படவில்லை. அத்துவிதியோ துவைதியோ, சைவனோ வைணவனோ என்னும் ஆராய்ச்சி அதற்கு வேண்டாதாயிற்று, மொழிவேற்றுமையும் தடையாகவில்லை. பெண்ணுக்கு விலை பெறுதல் தகாதென்பது மனுநூல் முன்னரே கூறியது. பொன் கொடுத்துக் கொள்ளும் மணத்தினை அது ஆசுரமென்று பழித்தது. அந்நூலை உடன்பட்டு ஓதினாரே பொன் பெற்றனர் என்பது இச்சாசனம் எழுந்தமையானே பெறப்படும்; இல்லாத குற்றத்துக்கு எவரும் தண்டம் விதியார். ஆகவே நூலின்கண் உள்ள நம்பிக்கை ஒழுக்கமாதற்கு அந்நம்பிக்கை மாத்திரம் போதாதாயிற்று; ஒருவரையொருவர் பிணிக்கும் கூட்டுறவு வேண்டப்பட்டது. 1912இல் சமயவாழ்வின் தொன்மை வடிவங்களை ஆராய்ந்து நூல் வெளியிட்ட பிரெஞ்சு அறிஞர் துர்க்கைம், நம்பிக்கையும் சடங்கும் தம்மை உடையாரை ஓர் ஒழுக்கக் குழுவாகப் பிணித்தலே சமயத்தின் இயல்பென்றார். படைவீட்டார் செய்கை அவர் கூற்றினுக்குப் பொருந்துமாயினும், அச்சம் அப்பிணிப்பிற் பெற்ற பங்கினை அவர் கூற்று முழுதும் காட்டாது. புறம்பாக்கப்படுவான் பெண்கொள்ளவும் கொடுக்கவும் இடமின்றி நிற்பன்.

சித்தாந்த நூலார் இதனை வேறுவகையாற் கண்டனர். சமயதீக்கையாற் சைவத்துட் புகுந்தோன் ஆசாரங்களை மேற்கொள்கின்றான். அவ்வளவில் இதுவும் உடன்பாடே. ஆயினும் சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம், மலம் நீங்கிய ஞானியும் அன்பரோடு கூடி, அவர் வேடத்தினையும் ஆலயத்தினையும் அரனெனத் தொழுமாறு கூறிற்று. ஞானம் பெற்றபின்னர் ஐயம் இல்லை. தண்டத்துக்கு அஞ்சுவதும் இல்லை. ஆண்டும் கூட்டம் வேண்டப்படுதலின், அது காவற்பொருட்டன்று, அன்பின்பொருட்டென்பது போதரும். தில்லைவாழந்தணருள் ஒருவராகிய உமாபதி சிவம், மறைஞானசம்பந்தரைப் பின்தொடர்ந்து அவர் உண்ட கூழின் மிச்சிலை ஏற்றமையான் தம்மினத்தாரான் விலக்கப்பட்டுக் கொற்றவன்குடியில் உறைந்தார் என்பது சைவர் கூறும் வரலாறு. அவரை விலக்கியதும் ஓர் உடன்பாடே. சந்தானாசாரியர் நால்வருள் ஒருவராக அவரைப் போற்றுவது பிறிதோர் உடன்பாடு.

படவேட்டிலே இன்று மக்கள் பெரிதும் திரள்வது இரேணுகாம்பாள் திருக்கோயிலில். ஆடி வெள்ளிகளில் வரும் குடிகள் பலர்க்கு அவள் குலதெய்வம். அவர் அங்கு வருதற்குக் காரணம் பெரும்பாலும் தந்தையும் பாட்டனும் வந்தமையே. கொள்கையை ஆராய்ந்து வந்தார் சிலரே. கணவன் ஏவலால் மகன்கையான் வெட்டுண்டவள் அத்தெய்வம் என்பது கதை. விலக்கியோர் பெயரால் அன்றி, விலக்கப்பட்டாள் பெயராலே அக்கூட்டம் கூடுவதாம். இதனாற் கூட்டத்தார் யாவரும் யாவரையும் ஏற்றனர் என்று கொள்ளற்க. சென்னை மாகாணத்துக் கோயில்களில் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் நுழைதற்கு 1947ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டியிருந்தது.

மணத்துக்குப் பொன் வழங்குதலோ ஒழியவில்லை. பிற்காலத்தில் அது திசைமாறி, மணமகன் வீட்டார் பெறுவதாயிற்று. 1961ஆம் ஆண்டு வரதட்சிணைத் தடைச்சட்டமும், படைவீட்டார் போலவே, கொடுப்பார் கொள்வார் இருவரையும் குற்றவாளிகளாக்கியது. அரசதண்டம் அதன்கண் உண்டு. குழுவினின்று நீக்குதல் இல்லை. பொன் கொடுத்தானையும் கொண்டானையும் இனத்தார் பந்தியினின்று எழுப்புவதும் இல்லை.